வலப்பக்கம் பார்க்கும் யானைகள்

அக்காவின் முதலாண்டு நினைவு நாளில் இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். பெரும்பாலோர் படங்களை மட்டும் புரட்டிவிட்டு இலை போட்டிருக்கும் பக்கம் நகர்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் பிறர் வீட்டு மலர்களை இதுவரை அப்படித்தான் படித்து வந்திருக்கிறேன். ஆனால் இந்தக் கட்டுரையில் நான் கேட்கத் தவறிய ஒரு மன்னிப்பு இருக்கிறது. கேட்க வேண்டியவர் இல்லாததால், உங்கள் முன்னிலையில் அதை எழுதிவைக்க விரும்புகிறேன். பாயசம் ஆறுவதற்குள் முடித்துவிடுவேன்.

அக்கா மதுக்கரையில் பிறந்தார். எங்கள் அப்பா பண்ணையத்துக் கூலியை விட்டுவிட்டு, சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் உடைக்கும் வேலைக்கு வந்தவர். அம்மாவுக்கும் அதே வேலை. அந்நாளில் எங்கள் வீதியில் காயப்போட்ட துணியெல்லாம் சாயங்காலத்திற்குள் கோதுமை மாவில் புரட்டியதுபோல் ஆகிவிடும். ஒரே துணியை அழுக்குப் போக ஒரு முறையும், சிமெண்ட் தூசி போக ஒரு முறையும் அடித்துத் துவைக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டாவது அடி அக்காவின் பொறுப்பு. நான் பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்தேன். இடையில் பிறந்த இருவர் தங்கவில்லை. ஆகவே நான் தங்குவேனா என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தேகம். அந்தச் சந்தேகத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டதால், அக்கா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டார்.

கணக்கில் அவர் நூற்றுக்கு நூறு வாங்கியவர். அவர் ஒரு பாடத்தில் வாங்கிய மதிப்பெண்ணை நான் எல்லாப் பாடங்களிலும் சேர்த்து வாங்கினேன். இருந்தும் படிக்க வைக்கப்பட்டது நான்தான். அவர் இதைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் கணக்கு அவரை விடவில்லை. கிணற்றிலிருந்து வீட்டுக்கு எத்தனை அடி, கொடியில் எத்தனை துணி, சாலையில் எத்தனை லாரி என எல்லாவற்றையும் எண்ணுவார். "எண்ணிக்கை தப்பாது சாமி, கண்ணுதான் தப்பும்" என்பது அவருடைய வேதம். அந்த வேதத்தை நம்பியதால்தான் நான் எழுத வந்திருக்கும் சங்கடம் நேர்ந்தது.

மச்சானைத் திருமணம் செய்துகொண்டு அக்கா பெரியநாயக்கன்பாளையம் வந்தார். மச்சான் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். வரிசை வீட்டில் இரண்டு அறை, ஒரே மகள் கவிதா. பட்டறை ஒரு வருடத்திற்கு மேல் மூடிக் கிடந்தபோது, அக்கா பனியன் துணிகளுக்குப் பிசிறு வெட்டும் வேலையை மூட்டை மூட்டையாக வீட்டுக்கு வாங்கி வந்து செய்தார். அந்த நாட்களில் நான் போனால் கோழி அடித்துக் குழம்பு வைப்பார். பட்டறை மூடியிருந்தது என்பதே எனக்கு அது திறந்த பிறகுதான் தெரியும். தம்பி உலகை உன்னிப்பாகக் கவனிக்கும் எழுத்தாளன் என்று அக்கா எல்லாரிடமும் சொல்லி வந்தார்.

எழுத்தாளன் என்றது பெரிய சொல். நான் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். மேலதிகாரிகள் இல்லாத வேளைகளில் வார இதழ்களுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுவேன். பத்து அனுப்பினால் ஒன்று வரும். வந்த ஒன்றை அக்கா கத்தரித்துத் தகரப்பெட்டியில் வைப்பார். வராத ஒன்பதைப் பற்றி அவரிடம் நான் சொன்னதில்லை.

பக்கத்து வீட்டில் ஸ்டெல்லா டீச்சர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பு எடுப்பவர். கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா வேலையை அவரிடமிருந்துதான் அக்கா கற்றார். முதலில் பின்னியது டி.வி.க்கு ஓர் உறை. டி.வி. வாங்குவதற்கு இரண்டு வருடம் முன்பே அது தயாராகிவிட்டது. எண்ணிச் செய்யும் வேலை என்பதால் அக்காவுக்கு அது உடனே பிடித்துப்போனது.

பொம்மைகள் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். கவிதா பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, ஆண் குழந்தை பிறந்தது. தாத்தா முறையாகிவிட்ட பெருமிதத்தில் நான் காந்திபுரத்தில் ஒரு கரடி பொம்மை வாங்கிப் போனேன். பத்தே நாளில் அந்தக் கரடியின் கண் ஒன்று கழன்று குழந்தையின் வாய்க்குள் போய்விட்டது. அக்கா விரலை விட்டு எடுத்துவிட்டார். நான் வியர்த்து நின்றேன்.

"அக்கா, நான் பாத்துத்தான் வாங்குனேன்."

"நீ ஆசையா வாங்கியாந்தது சாமி, உன்னைக் கொறை சொல்லல. ஆனா இப்படிக் கண்ணை ஒட்டி வெக்கறவன் புள்ளை பெத்தவனா இருக்கமாட்டான்."

அன்றைக்கே உல்லன் நூலை எடுத்தார். கண்ணை நூலாலேயே தைத்துவிடுவது, ஒட்டுவதே கூடாது என்பது தீர்மானம்.

அவர் யானை செய்யும் முறையை நான் பலமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நூலை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, அந்த வளையத்துக்குள் ஆறு பின்னல் கண்ணி போடுவார். நூல்நுனியை இழுத்தால் நடுவிலுள்ள ஓட்டை மூடிக்கொள்ளும். அதுதான் யானையின் அடிப்பாகம். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டுப் பன்னிரண்டு. பிறகு பதினெட்டு, இருபத்து நான்கு என ஆறாறாக ஏறி முப்பத்தாறில் நிற்கும். அதற்குமேல் கூட்டாமல் சுற்றிக்கொண்டே போனால் உடம்பு கிண்ணம்போல் எழும்பும். சுற்றுக்குச் சுற்று இடைவெளியே கிடையாது, திருகு ஏறுவதுபோல் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கே தொடங்கினோம் என்பது மறந்துவிடும் என்பதால், முதல் கண்ணியில் ஒரு சிவப்பு நூல்துண்டைச் செருகி வைப்பார். அந்தச் சிவப்பு நூல் விழுந்துவிட்டால் அரை யானையை அவிழ்க்க வேண்டியதுதான். அவர் எண்ணும்போது யாரும் பேசக்கூடாது. மச்சான் தண்ணீர் வேண்டுமென்றால்கூட சைகைதான்.

கடையில் வாங்கிய ஊசி பெரிதாக இருந்தது. பின்னல் நெகிழ்ந்து, உள்ளே அடைத்த பஞ்சு எட்டிப் பார்த்தது. மச்சான் ஒரு சைக்கிள் சக்கரக் கம்பியை லேத்தில் கொடுத்துச் சன்னமாக ஒரு கொக்கி செய்து தந்தார்.

"ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் சன்னமா வேணுமுங்க."

"இது லேத்துடி, நகைக்கடையில்ல" என்று சொல்லிவிட்டு, மறுநாள் இன்னும் சன்னமான ஒன்றைக் கொண்டுவந்தார். கடைசிவரை அக்கா பயன்படுத்தியது அந்த இரண்டாவது ஊசியைத்தான்.

இலவம் பஞ்சு அடைத்துப் பார்த்தார். அது வீடெல்லாம் பறந்து சாம்பாரில் விழுந்தது. பிசிறு வெட்டிய காலத்துப் பனியன் துண்டுகள் மூட்டையாகக் கிடந்தன. அவற்றைப் பொடிப்பொடியாக நறுக்கி, பென்சிலின் பின்பக்கத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தி அடைப்பார். கழுத்தில்தான் இறுக்கமாக அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் தலை ஆமாம் சாமி போடும் என்பார். உச்சியில் ஆறு கண்ணி மிச்சமானதும் நூலை அவற்றின் வழியே கோத்து இழுத்தால் தலை மூடிக்கொள்ளும். மீந்த நூலை உடம்புக்குள் விட்டு ஒளித்துவிடுவார். கால்களைத் தனியாகப் பின்னி, அவற்றில் ஒரு முழம் நூலை விட்டுவைத்து, முதலில் குண்டூசியால் பொருத்தி மேசைமேல் உட்கார வைப்பார். பின்னங்கால் இரண்டும் பிருஷ்டமும் அடுப்புக்கல் மூன்றைப்போல் தாங்குகிறது என்று தெரிந்த பிறகே தைப்பார். காதுக்குள் எதையும் அடைப்பதில்லை, மடித்துத் தைப்பதோடு சரி.

கடைசியில் கண்கள். இங்கேதான் வேதம் குறுக்கே வந்தது. நெஞ்சின் நடுக் கண்ணியிலிருந்து மேலே மேலே ஒவ்வொரு கண்ணியாக எண்ணி ஏறி, அந்த நேர்க்கோட்டில் முகத்தின் நடுவைக் குறிப்பார். அதற்கு இருபுறமும் கண், நடுவில் தும்பிக்கை. எண்ணிக்கை தப்பவே தப்பாது. ஆனால் திருகிக்கொண்டு ஏறும் பின்னலில் ஒரு கண்ணிக்கு மேல் அடுத்த கண்ணி நேராக உட்காருவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மயிரிழை வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போகும். நெஞ்சில் தொடங்கிய நடு, முகத்துக்கு வரும்போது இரண்டு கண்ணி தள்ளிப்போயிருக்கும். விளைவாக, அக்காவின் யானைகள் நெஞ்சை நம்மிடம் காட்டி, முகத்தை நம் வலப்பக்கம் திருப்பி, யாரோ வருவதைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தன. யானை மட்டுமல்ல. முயல், கரடி, கன்றுக்குட்டி எல்லாமே அப்படித்தான்.

அதற்குள் பொம்மை கொடுப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. நம் உறவில், அக்கம்பக்கத்தில் எங்கே குழந்தை பிறந்தாலும் தொட்டிலில் போடும் நாளுக்கு அக்காவின் மிருகம் ஒன்று போய்ச் சேரும். பொம்மை வராமல் தொட்டில் கட்டமாட்டோம் என்று இரண்டு நாள் காத்திருந்தவர்களும் உண்டு. அவர்களும் இந்தப் பந்தியில் இருக்கிறார்கள்.

நானோ ஒரு வாரம் எழுத விஷயம் கிடைக்காமல் இருந்தேன்.

'எங்கள் குடும்பத்தில் ஒரு யானை உண்டு. நாம் பேசினால் அது எதிர்வீட்டைப் பார்க்கும்' என்று தொடங்கினேன். சுளுக்கு வைத்தியர், போக்குவரத்துப் போலீஸ் என்று இரண்டு பக்கம் இழுத்தேன். செய்தவர் பெயரைச் சொல்லவில்லை. 'எனக்கு மிக நெருங்கிய பெண்மணி' என்று மட்டும் எழுதினேன். எனக்கு மிக நெருங்கிய, யானை பின்னும் பெண்மணிகள் பலர் இருப்பதுபோல! பத்தில் ஒன்று வரும் என்றேனல்லவா, அந்த ஒன்று இதுவாகிவிட்டது. வெளியிட்டதோடு படமும் வரைந்து போட்டார்கள்.

அடுத்த முகூர்த்தத்திலேயே காந்திபுரத்தில் ஓர் உறவுக்காரர் கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் அக்கா. சித்தப்பா முறையாகும் ஒருவர் இலையைத் தாண்டிக் குரல் கொடுத்தார்.

"ஏம் அம்மணி, உன்ற யானைக்குக் கழுத்துச் சுளுக்காமா? உன்ற தம்பி பொஸ்தகத்துல போட்டிருக்கான்!"

"வெளக்கெண்ணெய் தேச்சு நீவி உட்டாச் செரியாப் போயிருமுங்க" என்றார் இன்னொருவர்.

"யானைக்கா, அதைச் செஞ்சவீங்களுக்கா?" என்றது மூன்றாவது குரல்.

வரிசையே சிரித்தது. அக்காவும் சிரித்தார். எல்லாரும் சிரித்து முடித்த பிறகும் அவர் ஒரு நொடி கூடுதலாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நொடியை நான் பார்த்துவிட்டேன். எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்றிருக்கலாம். நான் செய்தது, தலையைக் குனிந்துகொண்டு இரண்டாம் முறை ரசம் வாங்கியதுதான்.

மண்டப வாசலில் அக்கா தோளைத் தொட்டார்.

"நல்லா எழுதியிருக்கற சாமி. ரெண்டு தடவை படிச்சேன்."

ஏன் இரண்டு தடவை என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பெரியநாயக்கன்பாளையம் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஐந்து வருடங்கள். மாதம் ஒருமுறையாவது போவேன். கோழிக் குழம்பு இருக்கும், தகரப்பெட்டி இருக்கும், மேசைமேல் பாதி முடிந்த ஒரு மிருகம் இருக்கும். முகம் வைத்ததும் அது வலப்பக்கம் பார்க்கும். இத்தனைக்குப் பிறகும் ஏன் மாற்றிக்கொள்ளவில்லை என்று யோசித்து, நானே ஒரு பதிலைத் தயாரித்து வைத்திருந்தேன். அந்த மிருகங்கள் என் முகத்தைப் பார்க்க மறுக்கின்றன, அக்கா வாயால் சொல்லாததை அவற்றை வைத்துச் சொல்கிறார் என்பதே அது. ஒவ்வொரு தொட்டில் விசேஷத்திலும் ஒரு புது முயலோ கரடியோ என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நான் வாழைப்பழத் தட்டுப் பக்கம் ஒதுங்குவேன்.

சென்ற வருடத்திற்கு முந்தைய வருடம் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பாட்டிலிலிருந்து சொட்டும் மருந்தை எண்ணிக்கொண்டிருப்பாராம். "இன்னைக்கு வெரசா உழுவுது கண்ணு, சித்தெ பாரு" என்று அவர் சொல்லி, நர்ஸ் சரிபார்த்துத் திருத்தியிருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு விரல்கள் வீங்கிவிட்டன. சைக்கிள் கம்பி ஊசி விரலில் நிற்கவில்லை. மச்சான் அதன் பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தார். வரிசையின் கடைசி வீட்டில் பிறந்திருந்த குழந்தைக்கு ஒரு முயல் பாக்கி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கட்டிலில் சாய்ந்தபடி பின்னிக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. பஸ்ஸில் வரும்போதே வாக்கியத்தைத் தயார் செய்திருந்தேன்.

"அக்கா, அந்தக் கட்டுரை எழுதுனேன்ல..."

"சித்தெ இரு சாமி. எண்ணிக்கை போயிரும்."

இருந்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது. வீங்கிய விரல் ஒவ்வொரு கண்ணியையும் தேடிப் பிடித்தது. முப்பத்தாறு வந்து சிவப்பு நூலை மாற்றிச் செருகிவிட்டு நிமிர்ந்து, "என்ன சாமி சொன்ன?" என்றார். அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா டீச்சர் கஞ்சியோடு உள்ளே வந்தார். நான், "ஒண்ணுமில்லக்கா, மழை வருமாட்டம் இருக்குது" என்றேன். அன்று வானத்தில் ஒரு மேகமும் இல்லை. அக்கா ஜன்னலைப் பார்த்துவிட்டு, "ஆமா சாமி, இருக்கும்" என்றார். நான் சொன்னால் அவருக்கு மழைதான்.

முயல் முடிந்து, கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் வாரம் ஒரு காலை வேளையில் அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார்.

இம்மலரில் போடுவதற்காகச் சென்ற மாதம் அக்காவின் மிருகங்களைக் கொண்டுவரச் சொல்லி உங்கள் எல்லாருக்கும் சொல்லியனுப்பினோம். அவர் செய்தவை நாற்பத்தொன்று என்று அவருடைய எண்ணிக்கை சொல்கிறது. முப்பத்து நான்கு வந்தன. ஒன்றை நாய் கடித்திருந்தது. ஒன்றுக்குக் காது போய், துவாலைத் துணியில் வேறு காது வைத்திருந்தார்கள். கட்டிலில் மூன்று வரிசையாக உட்கார வைத்தோம். முப்பத்து நான்கும் ஒன்றாக வலப்பக்கம் பார்த்தன.

எனக்கு அவற்றை நேராகப் பார்க்க முடியவில்லை. அதை மறைக்க, வழக்கம்போல் ஒன்றைச் சொன்னேன்.

"கடைசி வரைக்கும் அக்காவுக்கு இது மட்டும் பிடிபடலே பாரு கண்ணு."

கவிதா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கன்றுக்குட்டியை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். அது நேராக என்னைப் பார்த்தது.

"இது யாரு செஞ்சது?"

"அம்மாதானுங் மாமா. உங்க பொஸ்தகம் வந்த வாரமே டீச்சர் சொல்லிக் குடுத்துட்டாங்க. எண்ணாதீங்க, ரெண்டு குண்டூசியக் குத்தி, முன்னால வெச்சுக் கண்ணால பாருங்கன்னு. அம்மா அன்னைக்கே செஞ்சுபோட்டாங்க."

"பொறகு ஏன் அப்படிச் செய்யலே?"

கவிதா சொல்லத் தயங்கினாள்.

"சொல்லு அம்மணி."

"'நேராத்தான் பாக்குது. ஆனா என்ற தம்பி அச்சுல எழுதிப்போட்டான். நாளைக்கு நாலு பேரு பொம்மையப் பாத்துப்போட்டு, யானை நேராத்தான பாக்குதுன்னு அவனைப் புளுகன்னு சொல்லிட்டா?' அப்படின்னாங்க. இதைத் துணிக்கடியில வெச்சு மூடிட்டாங்க."

நான் கன்றுக்குட்டியின் கண்களைத் தடவிப் பார்த்தேன்.

"அதுக்கப்பறம் ஒவ்வொண்ணுக்கும் மொதல்ல குண்டூசிய நேராக் குத்திப் பாப்பாங்க மாமா. பாத்துட்டு, அக்கட்டால ரெண்டு கண்ணி தள்ளித்தான் கண்ணு வெப்பாங்க. செரியா ரெண்டு கண்ணி தள்ளறதுக்குத்தான் ரொம்ப நேரமாகும்."

என் தொழிலில் பாதி புளுகு. நான் எழுதிய எதையும் யாரும் சரிபார்த்ததில்லை, சரிபார்க்கும் அளவுக்கு மதித்ததும் இல்லை. ஒரே ஒருவர், ஐந்து வருடம், கடைசியில் வீங்கிய விரல்களோடும், நான் எழுதியது உண்மையாகவே இருக்க வேண்டும் என்று இரண்டிரண்டு கண்ணிகளாகத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். வேதத்தை விட்டுவிட்டுக் கண்ணை நம்பக் கற்றவர், கற்றதை எனக்காகவே மறைத்து வைத்துக்கொண்டார். அந்த முப்பத்து நான்கையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கட்டுரைக்கு முன்னால் தெரியாமல் திரும்பியவற்றுக்கும், பின்னால் தெரிந்தே திருப்பப்பட்டவற்றுக்கும் ஒரு கண்ணி வித்தியாசம்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இதனால் கல்யாணப் பந்தியின் அந்த ஒரு நொடிச் சிரிப்பு இல்லை என்றாகிவிடாது. அது வலித்துத்தான் இருக்கும். வலித்த பிறகும் என் பக்கமே நின்றார் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. அக்கா, நான் அன்று ரசம் வாங்கியிருக்கக் கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமை மழையைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது. நீங்கள் எண்ணி முடிக்கும்வரை இன்னும் எத்தனை முப்பத்தாறு வேண்டுமானாலும் காத்திருக்கிறேன். ஒருமுறை நிமிர்ந்து, 'என்ன சாமி சொன்ன?' என்று கேட்டால் போதும்.

அக்காவின் நோய்க்காலத்தில் வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த ஸ்டெல்லா டீச்சருக்கும், சொட்டு மருந்தின் கணக்கை நோயாளியிடமே ஒப்புக்கொண்ட செவிலியர்களுக்கும், ஆஸ்பத்திரிக்கு முறைவைத்து வந்து துணையிருந்த வரிசை வீட்டுக்காரர்களுக்கும், தத்தம் குழந்தைகளை அழவைத்துப் பொம்மைகளைக் கொடுத்தனுப்பிய உறவினர்களுக்கும் மச்சான், கவிதா சார்பிலும் என் சார்பிலும் கைகூப்புகிறேன். ஊசிக்குத் துணி சுற்றிக் கொடுத்த மச்சானுக்கு நன்றி சொல்ல எனக்கு வயது போதாது.

அச்சகத்துக்காரருக்கும் நன்றி. படத்தைப் பார்த்துவிட்டு அவர், "ஏனுங் சார், எல்லாம் பக்கவாட்டுல பாக்குதுங்களே. நேரா வெச்சு இன்னொருக்கா எடுத்துப்போடலாமுங்களா?" என்று அக்கறையோடு கேட்டார். வேண்டாம், இந்தப் படத்தை இடப்பக்கத்தில் போட்டு, எதிரே வலப்பக்கத்தில் அக்காவின் படத்தைப் போடுங்கள் என்றேன். நடுப்பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். முப்பத்து நான்கு பேரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கன்றுக்குட்டியைப் படத்தில் சேர்க்கவில்லை. கவிதா அதை என்னிடமே கொடுத்துவிட்டாள். என் மேசைமேல் இருக்கிறது. இதை எழுதும்போதும் நேராக என்னைப் பார்க்கிறது. நான்தான் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.